இல்லாத மரத்தைச் சுற்றி ஒரு தேசிய அணி

ஒரு நாட்டின் தேசியக் கால்பந்து அணிக்கு நான் ஒன்பது வருஷம் கோச்சாக இருந்தேன். அந்த நாட்டை நான் பார்த்ததே இல்லை. சிரிக்காதீர்கள். முதலில் சிரித்தவள் என் பெண்டாட்டி, அவள் இன்னும் நிறுத்தவில்லை. ரங்கூனில், போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே ஒரு கிடங்கில் மூட்டை எண்ணும் கிளார்க் நான். கையில் ஒரு பென்சில், காதில் ஒரு பென்சில் என்று அங்கே நின்றுகொண்டேதான் இந்த உத்தியோகத்தையும் பார்த்தேன். தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இரண்டு மூன்று பேருக்கு இன்னும் என் மேல் மரியாதை இருக்கிறது, அதை நானே கெடுத்துக்கொள்வானேன்?

சின்னத் தீவு அது. ஜனத்தைவிடத் தென்னை அதிகம். அவர்களுடைய அணி வெளிநாட்டுக்குப் போய் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அதனால் எனக்கும் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. என் பையன்கள் ஒரு கோல் போட வேண்டும், அதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். கோப்பை கீப்பை எல்லாம் கேட்டேனா? ஒரு கோல், அவ்வளவுதான்.

எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு சில வருஷம் துறைமுகத்தில் வேலை மந்தம். மூட்டை தூக்குகிற ஆட்கள் கிடங்கு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுத் துப்பிக்கொண்டிருந்தார்கள். தமிழர், பர்மாக்காரர், கலந்து பிறந்தவர் எல்லாரும் இருந்தார்கள். சுவரெல்லாம் சிவப்பாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்து, "எழுந்திருங்கடா, பந்தாவது உதைங்க" என்று கத்தினேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் ரைட் விங் ஆடியவன். அப்படியே கோச் ஆகிவிட்டேன். எல்லாரும் என்னை 'சயா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பர்மியில் வாத்தியார் என்று அர்த்தம்.

கிடங்குக்குப் பின்னால் ஒரு மைதானம். மைதானம் என்றால் மைதானம்தான், ஆனால் அதற்குள்ளேயே ஒரு ஆலமரம் நின்றது. ஓரமாக நின்றாலும் பரவாயில்லை. ஒரு பக்கத்துக் கோலிலிருந்து முப்பது அடி தள்ளி, வலப்பக்கமாக, சரியாக விங்கர் ஓடுகிற பாதையில் நின்றது. வெட்டக் கூடாது. அதில் நாட் குடியிருக்கிறது என்று சொன்னார்கள். நாட் என்றால் நம் முனி மாதிரி, மரத்தில் இருக்கிற தெய்வம். கிளையில் ஒரு சின்ன மரக்கூடு, அதில் சிவப்புத் துணி, ஒரு தேங்காய். அதைக் கடக்கிறவன் எவனாக இருந்தாலும் தலையைக் குனிந்துவிட்டுப் போக வேண்டும். நான் கிறிஸ்தவன், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒருத்தன் குனியாமல் ஓடிப்போய் வேரில் இடறிக் கணுக்காலை முறித்துக்கொண்டான். அன்றிலிருந்து குனிவதை நானே சட்டமாகப் போட்டுவிட்டேன்.

அந்தச் சனியன் மரத்தை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் ஆட முடியும்? யோசித்து யோசித்து ஒரு வித்தை கண்டுபிடித்தேன். விங்கர் பந்தை மரத்துக்கு இடப்பக்கம் தட்டிவிடுவான், தான் தலையைக் குனிந்துகொண்டு வலப்பக்கமாக ஓடுவான், மரத்துக்கு அந்தப்புறம் போய்ப் பந்தைப் பிடிப்பான். எதிராளி மரத்தில் முட்டிக்கொண்டு நிற்பான். ஆட்டத்தின் பாதியில் பக்கம் மாறி மரம் எங்கள் பக்கம் வந்துவிட்டால் இன்னும் நல்லது. அந்த இடத்தில் காவலுக்கு ஆளே போட மாட்டேன். மரமே பந்தைத் தடுத்துவிடும். எங்கள் அணியில் மொத்தம் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த மைதானத்தில் எங்களை யாரும் ஜெயித்ததில்லை. வேறு மைதானத்துக்கு நாங்கள் போனதும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பயறு ஏற்ற ஒரு கப்பல் வந்தது. அந்தத் தீவின் கப்பல். மாலுமிகள் எங்களோடு ஆடக் கேட்டார்கள். பதினொரு கோல் போட்டு அனுப்பினோம். கப்பலின் ரேடியோ ஆபீசர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன வித்தை இது?" என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிகரெட் அட்டையின் பின்னால் படம் போட்டு விளக்கினேன். அவருடைய அண்ணன்தான் அந்தத் தீவின் கால்பந்துச் சங்கத்துக்குச் செயலாளர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆறு மாதம் கழித்து அதே கப்பல் வந்தபோது ஒரு கடிதமும் வந்தது. தட்டச்சு செய்து, கீழே முத்திரை குத்தி. தங்களை எங்கள் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கிறோம், உடனே புறப்பட்டு வரவும். நான் மூன்று தடவை படித்தேன். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் வீடு, ரயில் போனால் தட்டு முட்டெல்லாம் ஆடும். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் நீட்டினேன். தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"மூட்டை எண்ணவா கூப்பிடுறாங்க?"

"தேசிய அணிக்குக் கோச்."

"அந்த நாட்டுல வேற மனுஷனே இல்லையாமா?"

பாஸ்போர்ட்டுக்குப் போனேன். எங்களை மாதிரித் தமிழ் ஆட்களின் கையில் இருக்கிற அடையாளச் சீட்டு தெரியும் இல்லையா? மூன்று தலைமுறையாக இதே ஊரில் பிறந்து செத்தாலும் அந்தச் சீட்டைப் பொறுத்தவரை நாம் வெளியாள். அதிகாரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளியாளுக்கு நாங்கள் எப்படிப் பாஸ்போர்ட் கொடுப்பது? உங்கள் நாட்டில் போய் வாங்குங்கள்" என்றார். எது என் நாடு என்று கேட்டேன். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஒரு டீகூட வாங்கிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டுக்கென்று எடுத்த படம் மட்டும் நான்கு பிரதி என் கையில் மிஞ்சியது.

வர முடியவில்லை என்று எழுதினேன். கூடவே என் படத்தில் ஒன்றையும் வைத்து அனுப்பினேன், முகத்தையாவது பார்க்கட்டும் என்று. அடுத்த கப்பலில் பதில் வந்தது. பரவாயில்லை, வரும்வரை கடிதம் மூலம் பயிற்சி கொடுக்கவும். அட, இதுவும் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். வருஷத்துக்கு இரண்டு கப்பல், இரண்டு கடிதம். நான் கணக்கு நோட்டில் கோடு போட்ட தாளைக் கிழித்து ஆட்டத்துக்குப் படம் வரைந்து அனுப்புவேன். புள்ளி வைத்தால் ஆள், அம்பு போட்டால் பந்து. வலது விங்கில் ஒரு வட்டம் போட்டு 'மரம்' என்று எழுதினேன். அதன் பக்கத்தில் 'இங்கே தலை குனியவும்' என்றும் எழுதினேன். மரம் இல்லாத மைதானத்தை நான் வரைந்ததே கிடையாது. என் மூளைக்குள் இருந்த மைதானம் அது ஒன்றுதான், நான் என்ன செய்ய?

இரண்டாம் வருஷம் செயலாளர் எழுதினார்: "தாங்கள் குறித்த இடத்தில் நட்டுவிட்டோம். எங்களிடம் தென்னைதான் இருக்கிறது. தென்னை போதுமா?" தோட்டம் போடுகிறார்களாக்கும், நல்ல ஜனம், நம்மிடம்கூட யோசனை கேட்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. தென்னை எல்லாருக்கும் நல்லது, அடியில் உப்புப் போடவும் என்று எழுதினேன். நாலாம் வருஷம், "ஆள் உயரம் வந்துவிட்டது, பையன்கள் நன்றாகப் பழகிவிட்டார்கள்" என்று எழுதினார்கள். வாழ்த்துகள் என்று எழுதினேன். எழுதின கையை உடைக்க வேண்டும்.

இப்படியே ஒன்பது வருஷம் ஓடிப்போனது. அப்புறம் ஒரு நாள் கப்பலுக்காகக் காத்திராமல் தந்தியே வந்தது. ரங்கூனில் நடக்கிற ஒரு அழைப்புப் போட்டிக்கு எங்கள் அணி வருகிறது. ஒரே ஒரு ஆட்டம்தான், உள்ளூர் அணியோடு. தாங்கள் பெஞ்சில் எங்களோடு இருப்பீர்கள்.

நான் அழுதுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். என்னால்தான் போக முடியவில்லை, என் டீம் என் வாசலுக்கே வருகிறது! பெண்டாட்டி என் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தாள்.

போட்டி நடத்துகிற ஆபீசுக்கு அனுமதிச் சீட்டு வாங்கப் போனேன். பட்டியலில் என் பெயர் இருந்தது. தலைமைப் பயிற்சியாளர், வெளிநாட்டவர். அந்த ஆபீசர் கேட்டார், "விமான நிலையத்தில் குத்தின முத்திரை எங்கே?"

"நான் இந்த ஊர்க்காரன் சார். இங்கேதான் பிறந்தேன்."

"அப்படியானால் உள்ளூர் ஆள். உள்ளூர் ஆள் வெளிநாட்டுப் பெஞ்சில் உட்காரக் கூடாது."

"சரி, வெளியாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் சீட்டிலும் அப்படித்தானே இருக்கிறது?"

"வெளியாள் என்றால் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். நீங்கள் இன்னும் வரவில்லை. வராத ஆளுக்கு நான் எப்படிச் சீட்டுத் தருவது?"

போக வேண்டும் என்றபோது நான் வெளியாள், உட்கார வேண்டும் என்றபோது உள்ளூர் ஆள். ஆபீசர் பட்டியலில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டார்: தலைமைப் பயிற்சியாளர் வந்து சேரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்தேன். பெண்டாட்டி அதை எடுத்து மறுபடி மடித்தாள்.

"டிக்கெட் வாங்கிட்டுப் போய்ப் பாருங்க. பந்து என்ன, சீட்டு பாத்தா உள்ளே போகுது?" என்றாள். அவளும் வருகிறேன் என்றாள். கால்பந்து என்றால் காத தூரம் ஓடுகிறவள்.

ஸ்டேடியத்தில் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்தோம். எங்கள் தெருத் தமிழ் ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அணி வெளியே வந்தது. என் பையன்கள்! முதல்முறையாகப் பார்க்கிறேன். நல்ல உயரம், நல்ல கறுப்பு, ஒவ்வொருத்தனும் என் சித்தப்பன் மகன் மாதிரி இருந்தான். பெஞ்சில் நடு நாற்காலியை எனக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். அதில் என் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நிறுத்தி வைத்தார்கள். அது போதாதென்று ஒருவன் வந்து படத்துக்குச் சிப்பி மாலை ஒன்றைப் போட்டான். அவர்கள் ஊரில் அது மரியாதையாம்.

"ஐயையோ, படத்துக்கு மாலை போட்டுட்டானுங்களே பாவிங்க!" என்று என் பெண்டாட்டி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பின்வரிசையில் இருந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி, "எப்ப தவறினாரு?" என்று என்னிடமே கேட்டார். பெண்டாட்டி என் கையைப் பிடித்தவள் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எதிரி பந்தை எங்கள் கோல் பக்கம் கொண்டு வருகிறான். எல்லாரையும் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள், ஒரு இடத்தை மட்டும் திறந்தபடி விட்டிருக்கிறார்கள். எதிரி அந்த வழியாகச் சாவகாசமாக வந்து கோல் போட்டான். இரண்டாவது கோலும் அதே வழி. மூன்றாவதும் அதே வழி. எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அங்கே மரம் இருக்கிறது! ஆட்டத்தின் முதல் பாதியில் மரம் எங்கள் பக்கம், அந்த இடத்தை மரம் பார்த்துக்கொள்ளும்! தென்னை நட்டு, உப்புப் போட்டு, ஏழு வருஷம் அதைச் சுற்றி ஓடிப் பழகியிருக்கிறார்கள். ஆளே இல்லாத இடத்தைக் கடக்கும்போது ஒவ்வொருத்தனும் தலையைக் குனிந்தான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டேன்.

"எதுக்கு எல்லாரும் கும்பிட்டுட்டு ஓடுறாங்க?" என்றாள்.

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

அவள் சிரிக்கவில்லை. அந்த ஒரு தடவை சிரிக்கவில்லை.

பாதி ஆட்டம் முடிந்தபோது ஐந்துக்குப் பூஜ்யம். எங்கள் தெருவில் இருக்கிற பர்மா நண்பன் ஒருவன் முதலுதவிக் குழுவில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன், கூட்டத்துக்குள் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். "சயா, கூடத் தூக்குகிறவனுக்கு வயிற்றுப்போக்கு. இந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஸ்ட்ரெச்சர் வைக்கிற இடம் உங்கள் பெஞ்சுக்குப் பத்து அடி பக்கத்தில்தான்." கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைக்கு மேலே சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மைதானத்து ஓரம்! புல் வாசனை வருகிற தூரம்! இரண்டாம் பாதியில் மரம் எதிரிப் பக்கம் போய்விட்டது, இனிமேல்தான் என் வித்தை வேலை செய்யும். கோல் விழுந்தால் உலகத்தில் என்னைவிட நன்றாகப் பார்க்கப்போகிறவன் எவனும் இல்லை.

பெஞ்சில் இருந்த மாற்றுக் கோல்கீப்பர் என்னைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். அவன் வாய் திறப்பதற்குள் நான் உதட்டில் விரல் வைத்தேன். செத்த ஆள் வந்து நிற்கிற மாதிரி அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் மெதுவாகப் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலி நாற்காலியைக் கையால் தட்டினான். வா என்று.

ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிஷம்தான். காவல்காரன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து ஒரு அடி வைத்தேன்.

ரெஃப்ரி விசில் ஊதி, ஸ்ட்ரெச்சர் கொண்டு வா என்று கையைக் காட்டினார்.

என் விங்கர், அங்கே இல்லாத மரத்தைச் சட்டென்று சுற்ற, கூடவே ஓடி வந்த உள்ளூர்க் காவல் ஆட்டக்காரன் தன் கால் தானே பின்னி விழுந்துவிட்டான். என் மரத்தில் அடிபட்ட கடைசி ஆள் அவன்தான். ஓடினோம், கிடத்தினோம், தூக்கினோம். அவசரத்தில் தலையை முன்பக்கம் வைத்துவிட்டோம். நண்பன் முன்னால், நான் பின்னால், கால் பக்கம். கோட்டைத் தாண்டியதும் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, மைதானம் என் முதுகுக்குப் பின்னால். படுத்திருந்தவன் முழங்கையை ஊன்றி, என் தோளுக்கு மேலாக ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே முனகினான்.

திடீரென்று முனகலை நிறுத்தினான். கண் பெரிதானது. "பந்தை இந்தப்பக்கம் விட்டுவிட்டு அவன் அந்தப்பக்கம் போகிறான்!" என்று பர்மியில் கத்தினான். "குனிகிறான்! டேய், அவன் குனிந்தால் நீ ஏன்டா கீழே பார்க்கிறாய்? பந்தைப் பார்! பந்தைப் பார்!"

நான் திரும்பலாம். ஆனால் கையில் ஆள். போட்டுவிட்டுத் திரும்ப மனசு வருமா? அவன் முகத்தையே பார்த்தேன். வாய் மெல்லத் திறந்தது. அப்படியே நின்றது. பிறகு ஸ்டேடியம் முழுக்க ஒரு சத்தம். அவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரிலிருந்து துள்ளிக் குதித்து, நல்ல காலோடு தன் ஆட்களைத் திட்ட ஓடினான். காலி ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நானும் நண்பனும் நின்றோம்.

அப்புறம்தான் திரும்பினேன். வலைக்குள் பந்து கிடந்தது. என் பையன்கள் குதிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. பதினொரு பேரும் அந்த வெறும் புல்தரைக்குப் போய், மரம் நிற்க வேண்டிய இடத்தைச் சுற்றி நின்று, தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். நானும் குனிந்தேன். பாதிரியாரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவர்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். சிப்பி மாலையை நண்பன் மூலம் எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்பது வருஷம் நான் காத்திருந்த ஒரே ஒரு கோல், அதை ஸ்டேடியத்தில் இருந்த ஈ காக்கைகூடப் பார்த்தது, நான் பார்க்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் மானத்தை விட்டு, ஆஃப்சைடுக்கும் அடுப்பங்கரைக்கும் வித்தியாசம் தெரியாத என் பெண்டாட்டியிடமே கேட்டேன்.

"சொல்லு. எப்படிப் போட்டான்? எந்தக் காலால உதைச்சான்? பந்து எந்த மூலையில போச்சு?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எனக்கென்னங்க தெரியும்? நீங்க அந்தத் தடியனைத் தூக்கிட்டுப் போறீங்களே, இடுப்பு பிடிச்சுக்கப் போகுதேன்னு உங்களைத்தானே பாத்துட்டு இருந்தேன்."